எருமையின் இடது கொம்பு

திருவொற்றியூரில் நான் படித்த, சரியாகச் சொன்னால் படிக்காமல் விட்ட, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தின் கேட்டைத் தாண்டியதும் வேப்பமரத்தடியில் ஓர் இரும்பு எருமை நிற்கிறது. அதன் இடது கொம்பில், வளைவு தொடங்குகிற இடத்தில், ஒரு மடிப்பு உண்டு. குழாயை வளைப்பதற்கு முன்னால் உள்ளே மணலைக் கொட்டி, தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு வாயையும் அடைத்துவிட்டு அப்புறம்தான் நெருப்புக் காட்ட வேண்டும். வயிறு நிறைந்த குழாய் நசுங்காமல் வளையும். வலது கொம்புக்கு அப்படித்தான் செய்தேன். இடது கொம்புக்கு வரும்போது பிரியாணிப் பொட்டலம் வந்துவிட்டது. மணல் வாளியோ மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. காலிக் குழாயையே வளைத்தேன். அது முழங்கால் மாதிரி மடிந்துகொண்டது. ஏன் இப்படி என்று பிள்ளைகள் கேட்டபோது, "நைட்டு தலகாணி இல்லாம படுத்துகிச்சு, சுளுக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள், என் வாய்க்கு அப்படி ஒரு ராசி. அந்த ராசியால் என் சயின்ஸ் மிஸ் பட்டதை நினைத்தால் இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மிஸ் பெரம்பூரிலிருந்து வருவார். அவருடைய அப்பா ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். ரயில்வே குடியிருப்பில் வளர்ந்ததாலோ என்னவோ, மிஸ்ஸின் தொண்டையும் இஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி வளர்ந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே, எண்ணூர் போகிற சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கும். மற்ற டீச்சர்கள் லாரி நகரட்டும் என்று பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். மிஸ் நிறுத்த மாட்டார். லாரியும் மிஸ்ஸும் சேர்ந்தே எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள்.

எங்கள் பெயரெல்லாம் அவருக்குத் தெரியும், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும்தான். மற்ற நேரத்தில் வகுப்பு ஒரு மிருகக்காட்சிசாலை. லேட்டாக வந்தவன் கழுதை. பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதியவன் குரங்கு. எழுதினால் யாருக்கும் புரியாதபடி எழுதுகிறவன் கோழி. கடைசி பெஞ்சில் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடியிருந்த நான் எருமை. அதில் விஷம் கிடையாது. எங்கள் பக்கத்தில் அப்பாக்கள், பஸ் கண்டக்டர்கள், மாவு மில்காரர் எல்லோருமே பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது பிடித்துமிருந்தது. அட்டெண்டன்ஸில் என் பெயர் வந்ததும் "ப்ரசன்ட் மிஸ்" என்று சொல்லாமல் அடித்தொண்டையில் எருமை மாதிரி ஒரு கத்துக் கத்துவேன். வகுப்பு உருளும். மிஸ் சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவருடைய தோள் குலுங்குவது கடைசி பெஞ்சிலிருந்தே தெரியும். மிஸ்ஸைச் சிரிக்கவைத்துவிட்ட பெருமையில் அன்று முழுவதும் எனக்குப் பசியே இருக்காது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒன்பதாவதில் எனக்கு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். காலையில் யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகிற பஸ்ஸில் ஏறி காசிமேட்டில் இறங்கிவிடுவேன். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டிகளில் நிரப்புகிற இடத்தில் யாராவது ஒரு கை கொடுக்கச் சொல்வார்கள். வேலை முடிந்தால் வறுத்த மீனும் டீயும் கிடைக்கும். படகுக்காரர்கள் என் வாயைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு நாள் யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவுக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு மிளகாய் மண்டியில் வேலை. நாள் முழுவதும் வற்றலுக்குக் காம்பு கிள்ள வேண்டும். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் காரம் கையை விட்டுப் போகாது. அதனால் அம்மா அறைந்தால் வலிக்காது, எரியும். முதல் அறை விழுந்து இரண்டாவதற்குக் கை ஓங்கியபோது, "ஏன்டா போல? வாய தொறந்து சொல்லு" என்றாள். என் வாய் எப்போதும்போல என்னைக் கேட்காமலே திறந்தது.

"மிஸ்ஸு என்னிய எருமை எருமைன்னு கூப்புடுதும்மா. எல்லாரும் சிரிக்கிறானுங்கோ. அவமானமா கீது."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அறை நின்றுவிட்டது என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அம்மா செருப்பை மாட்டியபோதுதான் விஷயம் வேறு பக்கம் போகிறது என்று உறைத்தது.

பள்ளிக்கூட கேட்டில் நின்று அம்மா மிஸ்ஸைக் கூப்பிட்டு அனுப்பினாள். நான் வாட்ச்மேன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கை முழுக்க சாக்பீஸ் தூளோடு மிஸ் வந்தார்.

"இன்னா டீச்சரம்மா, எம்புள்ள எருமையா? அப்ப நானு எருமைய பெத்தவளா? கை எரிய எரிய காம்பு கிள்ளிட்டு வந்து அவனுக்கு யூனிபாரம் தோச்சுப் போடறனே, நீ எருமைன்னு கூப்புடறதுக்கா? எருமைக்கு இன்னாத்துக்கு யூனிபாரம்? ஒரு மூக்கணாங்கயிறு வாங்கியாந்து கொடு. நாளைலேர்ந்து அத்த மாட்டி அனுப்புறேன்."

மூக்கணாங்கயிறு என்றதும் வாட்ச்மேனே வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் சிரிப்பு முட்டியது, இந்த வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. ஆனால் அடுத்த நிமிடம் அம்மா அழத் தொடங்கிவிட்டாள். அப்பா போனபோதுகூடப் பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் அழாதவள். நடுத்தெருவில், லாரிக்காரர்கள் பார்க்க, முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மிஸ், "தப்புதாம்மா. நாளைக்கு அனுப்புங்க. இனிமே அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடறேன்" என்று மட்டும் சொன்னார். நாற்காலிக்குப் பின்னால் இருந்த என்னை அவர் தேடிப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

மறுநாள் நான் போகவில்லை. எப்படிப் போவது? போய் உட்கார்ந்து, அட்டெண்டன்ஸில் வழக்கம்போல் கத்தினால் அம்மாவின் அழுகை பொய்யாகிவிடும். கத்தாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரவும் எனக்குத் தெரியாது. மிஸ் இரண்டு முறை ஆள் அனுப்பினார். அம்மா, "அவன் மனசு ஒடஞ்சு போய் கீறான்" என்று பெருமையும் துக்கமுமாகச் சொல்லி அனுப்பினாள். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட் பக்கம் தாய்மாமா வைத்திருந்த வெல்டிங் பட்டறைக்கு, உடையாத மனசோடு, வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சில வருடம் கழித்து ஒரு மத்தியானம், குடையை மடக்கிக்கொண்டே மிஸ் பட்டறைக்குள் வந்தார். தீப்பொறி பறக்கிற பக்கம் வராமல் வாசலிலேயே நின்று, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்கிறது, நல்ல வெல்டர் வேண்டும் என்றார். மாமா என்னைக் காட்டினார். "தோ, இவன்தான் மிஸ். கை நல்லா கீது. வாய்தான் கொஞ்சம் நீளம்." முகத்தை மறைத்திருந்த வெல்டிங் ஷீல்டைத் தூக்கினேன். மிஸ்ஸுக்கு உடனே தெரிந்துவிட்டது. "நீயாடா" என்றார். "சாப்டியா" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, லாரிச் சத்தத்துக்கே தாழாத அந்தக் குரலைத் தாழ்த்தி, "இன்னும் என் மேல கோவமா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோபமே இல்லை மிஸ், அது சும்மா, அறைக்குப் பயந்து சொன்னது என்று முடித்திருக்கலாம். பட்டறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அடித்தொண்டையில் எருமை மாதிரி கத்தினேன். பட்டறை அதிரச் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் புடவைத் தலைப்பில் துடைத்தார். தூசி விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பழைய வேடிக்கையை ஞாபகப்படுத்துவதாக நான் நினைத்த கத்து, அவருக்குப் பழைய காயத்தைக் குத்திக் காட்டியதாகக் கேட்டிருக்கிறது. அது எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று.

வேலை என்னவென்று வகுப்பில்தான் தெரிந்தது. எட்டாம் வகுப்பு பி பிரிவு. மிஸ் என்னை முன்னால் நிறுத்தினார். "இந்த அண்ணன் இதே ஸ்கூல்ல படிச்சவர். இவரை நான் தினமும் எருமைன்னு திட்டினேன். அதனால இவர் படிப்பை விட்டுட்டுப் போயிட்டார். அது என் தப்பு" என்றார். ஒரு டீச்சர் தன் தப்பைச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. தலையில் தூக்கிவிட்டிருந்த ஷீல்டை மெதுவாக முகத்துக்கு இறக்கிக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். "அண்ணனுக்கு வெக்கம்" என்றார் மிஸ்.

பிறகு கேட்டார்: "உங்களை யாரார் எந்த மிருகம்னு திட்டியிருக்காங்க?" கைகள் காடு மாதிரி எழுந்தன. எருமை, கழுதை, குரங்கு, பன்றி, ஆந்தை, பல்லி. எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு, "இதையெல்லாம் பொம்மையா செய்யப்போறோம். செய்யறதுக்கு முன்னாடி, அந்த மிருகம் நெசமாவே நாம நினைக்கிற மாதிரிதானான்னு பார்த்துட்டு வரப்போறோம்" என்றார். ஒரு பெண் மட்டும் கை தூக்கவில்லை. உன்னை என்னவென்று திட்டுவார்கள் என்று மிஸ் கேட்டதற்கு, "என்னிய யாரும் திட்ட மாட்டாங்க மிஸ். கூப்புடவே மாட்டாங்க" என்றது. அந்தப் பெண் கடைசியில் எருமைக்கு ஒரு கன்று செய்தது.

எருமையைப் பார்க்க ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் போனோம். பிள்ளைகள் கயிற்றால் அளந்தார்கள். முதுகு நீளம், கால் உயரம், கொம்பின் வளைவு எல்லாவற்றையும் அளந்து, பாதியாக்கி, தரையில் சுண்ணாம்பால் வரைந்தார்கள். விகிதம் என்கிற கணக்கு எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, அதுவும் எனக்குச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்த இடத்தில். மாட்டுக்காரர் எருமையின் வாயைத் திறந்து காட்டினார். மேல் வரிசையில் முன்பல்லே கிடையாது. "தெனம் தின்னுது, பல்லக் காணோம்" என்று வகுப்பே வாய்க்குள் எட்டிப் பார்த்தது. அதற்கு வயிற்றில் நான்கு அறை, முதலில் விழுங்கிவிட்டு அப்புறம் சாவகாசமாக வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும் என்று மிஸ் சொன்னார். வகுப்பில் எல்லோரும் எருமை என்று கூப்பிடுகிற ஒரு பையன், "அப்ப அது தூங்கல மிஸ், வேல செஞ்சுகினு கீது" என்றான். மிஸ் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பழைய டிரம் தகட்டில் உடம்பு, கம்பியில் விலா எலும்பு, பேரிங் குண்டில் கண், துறைமுகத்துக் கயிற்றைப் பிரித்து வால். வயிற்றுப் பக்கம் ஒரு கதவு வைத்தேன். திறந்தால் உள்ளே மீன் வலையில் தைத்த நான்கு பைகள் தொங்கும். காகித உருண்டையைப் புல் என்று சொல்லி வாயில் போட்டு, ஒவ்வொரு பையாகக் கையால் நகர்த்தி, அந்தப் பையன் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவான். அதுவரை பதில் சொல்ல எழுந்து நின்றாலே சுவரைப் பார்க்கிறவன் என்று மிஸ் சொன்னார். கன்றுக்குட்டி தெர்மாகோல் மீன் பெட்டியும் காகிதக் கூழுமாகத் தயாரானது. பசை காய்ந்துவிட்டதா என்று பார்க்கவே பிள்ளைகள் காலையில் சீக்கிரம் வந்தார்கள். நான் எல்லோரையும் கலாய்த்துக்கொண்டே இருந்தேன். "எருமை அண்ணே" என்று என்னைக் கூப்பிட்டார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் பள்ளிக்கூடம் போனதில்லை.

அடுத்த வருடம் கழுதை, அதற்கடுத்த வருடம் பன்றி. ஒவ்வொரு வருடமும் வேலை தொடங்குகிற நாளில் மிஸ் அதே கதையைச் சொல்வார், நான் ஷீல்டுக்குள் போய்விடுவேன். கதை பள்ளிக்கூடத்தைத் தாண்டியும் போனது. ஒரு முறை ராயபுரத்தில் நிறையப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் கூடிய கூட்டத்துக்கு மிஸ் என்னையும் அழைத்துப் போனார். மேடையில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அந்தப் பையன் இங்க வந்திருக்கான்" என்று என்னை எழுந்திருக்கச் சொன்னார். கையில் பாதி கடித்த பஜ்ஜியோடு எழுந்து நின்றேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுட்டீங்களா தம்பி அவங்கள?" என்று கேட்டார். பஜ்ஜியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நான் தலையாட்டினேன். செய்யாத குற்றத்துக்கு ஒருத்தரை, அத்தனை பேர் முன்னால், பெரிய மனசோடு மன்னித்தேன்.

இதற்கு மேலும் இழுத்திருப்பேன். பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர்தான் ஒரு நாள் டீக்கடையில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மிஸ்ஸுக்கு மீஞ்சூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாகப் பதவி உயர்வு வந்திருக்கிறது, வேண்டாம் என்கிறார், திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும்.

"ஏன் சார் வேணான்னுது?"

"உன்னாலதாம்ப்பா. ஒரு புள்ளைய வெளிய அனுப்புனவ, ஒரு ஸ்கூலுக்குத் தலைமையா நிக்கக் கூடாதாம். ரிடையர் ஆவற வரைக்கும் எட்டாவதுலயே கெடந்து கழிக்கணுமாம். எவ்ளோ சொல்லிப் பாத்தாச்சு. நீ போய்ச் சொல்லேன், கேக்கும்."

டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். மிஸ் ஆய்வுக்கூடத்தில் பாட்டில்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். காசிமேடு, ஐஸ், வறுத்த மீன், அம்மாவின் கை, எரிச்சல், வாயில் வந்த பொய். வாழ்க்கையிலேயே அவ்வளவு நேரம் சிரிக்காமல் நான் பேசியதில்லை. மிஸ் முழுக்கக் கேட்டார். பாட்டிலை வைத்தார்.

"பி.டி. சார் சொல்லி அனுப்பினாரா?"

"இல்ல மிஸ். நெசமாத்தான்."

"எவ்ளோ நல்ல பையன்டா நீ. என்னை அனுப்பணும்னு உன் தலையிலயே தூக்கிப் போட்டுக்கற."

"அய்யோ மிஸ், சத்தியமா. நான் டபாய்க்கல."

"நீ என்னைக்கு டபாய்க்காம இருந்திருக்க?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "சரி, நீ சொல்றது பொய்யாவே இருக்கட்டும், நெசமாவே இருக்கட்டும். உங்கம்மா அந்தக் கேட்ல நின்னு அழுதாங்களே. அதுவும் பொய்யா?"

என் வாயை அவர் நம்ப மாட்டார். நம்புகிற மாதிரி நான் அதை வளர்க்கவில்லை. அவர் நம்பியது அம்மாவின் அழுகையை. அதை எடுத்துப் போட அம்மாவால்தான் முடியும். அம்மாவுக்கோ அந்தச் சண்டை ஒரு சொத்து. எங்கள் தெருவில் யார் வீட்டில் பிள்ளை பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தாலும், "நானு போய் கேட்டேன் பாரு ஒரு கேள்வி" என்று மூக்கணாங்கயிற்றில் தொடங்குவாள்.

மறுநாள் மண்டிக்குப் போனேன். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, மிளகாய்க் குவியலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, தும்மலுக்கு நடுவில் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. கிள்ளிக்கொண்டே, "இன்னொரு தபா சொல்லு" என்றாள். சொன்னேன். சுற்றியிருந்த கைகளெல்லாம் நின்றன, அம்மாவின் கை மட்டும் ஓடியது.

"அப்ப அந்தம்மா ஒன்னும் பண்ல?"

"எல்லாரையும்தாம்மா அப்டி கூப்புடும். எனக்கு ஜாலியாத்தான் இருந்துச்சு."

"நானு மூக்கணாங்கயிறு வாங்கிக் கொடுன்னு கேட்டேனேடா அந்தம்மாவ." இன்னொரு காம்பைக் கிள்ளிவிட்டு, "தெருவுக்கே சொல்லிகினு கீறேனேடா" என்றாள். அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் முகத்துத் துணியை அவிழ்த்து உதறி, எழுந்து, "கெளம்பு" என்றாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. அன்றைக்கு அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா கேட்டுக்கு உள்ளே வர மறுத்துவிட்டாள். "அன்னிக்கு இங்கதான் நின்னு பேசுனேன். இங்கயே பேசிட்றேன்" என்றாள். மிஸ் வந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "டீச்சரம்மா, இவன் சொல்றது நெசம். அன்னிக்குப் பொய் சொல்லி என்னிய இஸ்துகினு வந்துட்டான். நானும் கேக்காம கொள்ளாம ஒன்னிய வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நான் பெத்தது எருமைகூட இல்ல டீச்சரம்மா. எருமை பொய் சொல்லாது." சொல்லிவிட்டுக் கைகளைக் கூப்பினாள்.

மிஸ் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிறகு மிஸ் கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்தார். அதே கையால். "கண்ண தேய்க்காத டீச்சரம்மா, மொளகா" என்று அம்மா கத்துவதற்குள் காரம் ஏறிவிட்டது. வாட்ச்மேனின் பாட்டில் தண்ணீரை அம்மா மிஸ் முகத்தில் ஊற்ற ஊற்ற, அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அதில் எது மிளகாயினால், எது என்னால் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மிஸ் என்னைத் தனியாக எருமைப் பக்கம் அழைத்துப் போனார். "நீ போனதுக்கு அது காரணமில்லன்னா, நான் திட்டினது இல்லைன்னு ஆயிடுமா?" என்றார். "நெசத்தைச் சொன்னா, எனக்கு அந்த ஹெச்.எம். நாற்காலின்னாலே பயம்டா. அங்க பசங்க இல்ல, ஃபைல்தான். உன்னைக் காரணம் காட்டித் தப்பிச்சுக்கிட்டு இருந்தேன். அந்தச் சாக்கையும் புடுங்கிட்ட" என்றார். அவர் கை அந்த மடிப்பு விழுந்த கொம்பின் மேல் இருந்தது. திங்கட்கிழமை மீஞ்சூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. அது இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. என் பொய் இருந்தவரை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிஸ் இருந்தார். ஒவ்வொரு வருடமும் ஒரு மிருகம் எழுந்து நின்றது. என் உண்மை அவரை மேசைக்குப் பின்னால் அனுப்பிவிட்டது. போன் செய்தால், "ஒரு நாள் இங்கயும் வந்து ஏதாவது செஞ்சு குடுடா, முதல்ல இந்தக் கட்டட வேலை முடியட்டும்" என்பார். அந்தக் கட்டட வேலை முடிவதாக இல்லை. லாரி ஹாரனே கேட்காத அந்த அறையில் அவர் குரல் சின்னதாகிவிட்டது. இங்கே புது சயின்ஸ் சார் வந்திருக்கிறார். நல்ல மனிதர், போர்ஷனை முடிப்பதில் கெட்டிக்காரர். காகிதக் கூழ்க் கன்று போன மழையில் ஊறிக் கரைந்துவிட்டது. அதைச் செய்த பெண் இப்போது எங்கே படிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் பி.டி. மாஸ்டர் கூப்பிட்டார். பிள்ளைகள் தொங்கித் தொங்கி இடது கொம்பு கழன்றுவிட்டதாம். புதுக் குழாயும், வாளி நிறைய மணலும் எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை ஒழுங்காகச் செய்துவிடுவது என்று. ஒரு பையன் வகுப்புக்குப் போகாமல் கழன்ற கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். பழைய கொம்பு அவன் கையில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு என்னவோ புதுக் குழாயை எடுக்க மனம் வரவில்லை. மாடி வராந்தாவிலிருந்து புது சாரின் குரல் வந்தது.

"ஏய் எருமை, அங்க இன்னா பண்ற?"

சத்தம் வந்த பக்கம் முதலில் திரும்பியது என் தலைதான். பையன் என்னையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒன்னியாண்ணே கூப்ட்டாரு?"

"ரெண்டு பேரையும்தான்" என்றேன். அவன் சிரித்துவிட்டான். போவதற்கு மனமில்லாமல் கொம்பின் மடிப்பைத் தடவிக்கொண்டே, "இது ஏன்ணே இப்டி மடிஞ்சு கீது?" என்று கேட்டான்.

"மணல் போடாம வளச்சுட்டேன். சோம்பேறித்தனம். என் தப்பு."

அடுத்து ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போகிறேன் என்று, சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.